பெட்டிக்குள்ள வராத விசைப்பலகை

போன இதழுக்கு வந்த கட்டுரைகளில் ஒன்று மட்டும் கோடு போட்ட நோட்டுல, நீல பேனாவால எழுதி வந்தது. எழுதினவன் முதலாம் ஆண்டுத் தம்பி. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். கல்வராயன் மலையில தேன் எடுக்கிறதைப் பத்தி அவ்வளவு நல்லா எழுதியிருந்தான். டைப் பண்ணி அனுப்புடான்னு திருப்பிக் கொடுத்தோம். பத்து நாள் கழிச்சு அதே நோட்டோட வந்து நின்னான். அக்காவோட பழைய லேப்டாப்புல விண்டோஸ் 7. அதுல தமிழைத் தேடிப் பிடிச்சு ஆன் பண்ணிட்டான். ஆனா எந்தப் பட்டனில் எந்த எழுத்து இருக்குன்னே புரியலையாம். முதல் வரியிலயே 'ள' கிடைக்கல. பழகின விசைப்பலகையை டவுன்லோடு பண்ணலாம்னா, அவங்க வீட்டுல சிக்னல் கிடையாது. வளைவுல ஏறி நின்னாதான் போன் பேசவே முடியும்.

அவன்கிட்ட நாங்க சிரிச்சிக்கிட்டே நோட்டை வாங்கி டைப் பண்ணிட்டோம். அப்புறம் யோசிச்சா சிரிப்பு வரல. நோட்பேட் இருக்கு, சீட்டுக்கட்டு இருக்கு, செஸ் இருக்கு, தமிழும் இருக்கு. ஆனா தமிழை அவன் எழுதுற மாதிரி எழுத வழி இல்ல. ஒரு இயங்குதளத்தோட எதெல்லாம் சேர்ந்து வரணும்னு கேன்டீன்ல நாம சண்டை போட்டிருக்கோமே, பிரவுசர் வேணுமா, ஆபீஸ் வேணுமா, பிளோட்வேர் எதுன்னு? அந்தக் கேள்வியை வேற பக்கத்திலிருந்து பார்த்த ஒருத்தரைப் பத்திதான் இந்த மாசம் சொல்லப் போறேன். தமிழ்க் கணிமை பக்கம் போனா இவர் பேரைத் தாண்டாம போக முடியாது. ஆனா நம்ம சிலபஸ்ல இவர் இல்ல.

நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்க்காரர். 1946 ஏப்ரல் 18-ல் பிறந்தவர். சுருக்கமா நா.கோ.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இவர் நம்மளை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர் இல்ல. தமிழ் ஆசிரியர். அதுக்கும் மேல, எழுத்தாளர். சிங்கப்பூர் தனி நாடானது 1965-ல். அப்போ இவருக்கு 19 வயசு. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம்னு நாலு அதிகாரபூர்வ மொழிகள் உள்ள நாடு அது. காகிதத்துல நாலும் சமம். ஆனா தமிழர்கள் அங்கே சின்னக் கூட்டம். கடையில, ஆபீஸ்ல, பிள்ளைகள் விளையாடுற இடத்துல எல்லாம் ஆங்கிலம் வேகமா உள்ளே வந்துக்கிட்டிருந்த காலத்துல இவர் சிறுகதை எழுத வந்தார். வானொலி, தொலைக்காட்சிக்கும் நாடகங்கள் எழுதினார். தேடி, வேள்வி போன்ற புத்தகங்கள் இவர் பேரைச் சொல்லும். 1994-ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது கிடைச்சது.

எழுதினதோட நிக்கல. 1977-ல் இலக்கியக் களம்னு ஒரு அமைப்பைத் தொடங்கி, சிங்கப்பூர்ல வெளிவர்ற சிறுகதைகளை நண்பர்களோட உட்கார்ந்து அலசினார். நல்லா இருந்தா நல்லா இருக்கு, இல்லைன்னா இல்ல; முகத்துக்காகப் பாராட்டுற பழக்கம் இல்லாத ஆளுங்க கூடுற இடம். (நம்ம ஆசிரியர் குழுவும் அப்படித்தான்னு நாங்க சொல்லிக்கிறோம். நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரியல.) பழைய இதழ்களையும் தோண்டினார். 19-ஆம் நூற்றாண்டுல மகதூம் சாயபு நடத்தின சிங்கைநேசன் இதழ்ல வந்த வினோத சம்பாஷணையை, அந்த ஊர்த் தமிழ்ச் சிறுகதையோட தொடக்கமா எடுத்துக் காட்டினவங்கள்ல இவர் முக்கியமானவர்.

ஆக, ஒரு மொழி தன் ஊர்ல எப்படி வந்தது, எதுல அச்சாச்சு, யார் படிச்சாங்க, எப்போ நின்னு போச்சுன்னு தேடித் திரிஞ்ச மனுஷன். இப்படிப்பட்டவர் மேசைக்கு 1980-களில் கம்ப்யூட்டர் வந்தா என்ன கேட்பார்? வேகம் எவ்வளவு, மெமரி எவ்வளவுன்னா கேட்பார்? இதுல தமிழ் இருக்கான்னுதான்.

இல்ல.

அந்தக் காலத்துப் பிசியை நாம யாரும் பார்த்ததில்ல, அதனால ரெண்டு வார்த்தை. மெஷினோட வந்த இயங்குதளத்துக்குத் தெரிஞ்ச எழுத்துகள் ஆங்கிலமும் சில ஐரோப்பிய எழுத்துகளும். தமிழ் வேணும்னா தனியா ஒரு மென்பொருள் செஞ்சு மேல ஒட்ட வைக்கணும். உலகம் முழுக்கத் தமிழர்கள் அதைச் செஞ்சாங்க. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செஞ்சார், சுவிட்சர்லாந்துல கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செஞ்சார், கனடாவிலிருந்து ஆதவின் வந்தது. எல்லாரும் மாலையில, லீவு நாள்ல உட்கார்ந்து பார்த்த வேலை. ஆனா ஒவ்வொருத்தரும் 'அ'வை ஒவ்வொரு எண்ணுல வெச்சாங்க. ஒருத்தர் எழுத்துருவில் அடிச்ச கடிதத்தை இன்னொருத்தர் மெஷினில் திறந்தா, கரப்பான் பூச்சி மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கும். அதோட விசைப்பலகையும் ஆளுக்கு ஒண்ணு. பழைய டைப்ரைட்டர் முறை ஒரு பக்கம், ஆங்கில எழுத்தால அடிக்கிற முறை ஒரு பக்கம்.

நா.கோ. செஞ்சதுக்குப் பேர் கணியன். கணக்கிடுறவன்னு அர்த்தம்; கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பொருத்தமா பேர் வைக்க முடியாது. கூடவே கணியன் பூங்குன்றன்ங்கிற சங்கப் புலவரும் ஞாபகத்துக்கு வந்துடுறார். (நம்ம மாவட்டத்துல திருக்கோவிலூர்ல தென்பெண்ணை ஆத்துக்குள்ள கபிலர் குன்று இருக்கு, பாத்திருக்கீங்களா? சங்கப் புலவர் பேரைப் பாறைக்கு வெச்சோம் நாம. சாஃப்ட்வேருக்கு வெச்சார் அவர்.) அப்போ அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துல இருந்தார், பிறகு அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகம் ஆனது. அங்கே விரிவுரையாளர்.

வகுப்பறையில நிக்கிறவர் செஞ்ச விசைப்பலகைங்கிறது அதோட அமைப்பைப் பார்த்தாலே தெரியும். டைப்ரைட்டர்ல கொம்பு, கால், சுழின்னு உருவத்தைத் துண்டு துண்டா அடிக்கணும். கணியன் ஒலி வழியில போச்சு. மெய்யும் உயிரும் சேர்ந்தா உயிர்மெய். ஒண்ணாம் வகுப்புல படிச்ச அதே இலக்கணம்தான். க அடிச்சு உ அடிச்சா கு. தமிழ் தெரிஞ்ச யாருக்கும் புதுசா கத்துக்க வேண்டியது பட்டன்கள் இருக்கிற இடம் மட்டும்தான். 247 எழுத்துக்கு 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 பட்டன் போதும்.

1995-ல் இணையம் பக்கம் திரும்பினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல டான் டின் வீ தலைமையில ஒரு இணைய ஆராய்ச்சிக் குழு இருந்தது. தமிழ் தெரியாத சீனர்களும் தமிழ் தவிர வேற எதையும் விட்டுக்கொடுக்காத இந்தத் தமிழ் வாத்தியாரும் சேர்ந்து வேலை பார்த்தாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியிலயும் கொண்ட இணையத்தளம் ஒண்ணு திறக்கப்பட்டது. திறந்து வெச்சவர் அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங். தமிழ் இணையத்துல காலடி வெச்ச முதல் இடங்கள்ல அது ஒண்ணு. இந்தியாவுல பொதுமக்களுக்கு இணையம் வந்ததே அந்த ஆகஸ்ட்லதான்கிறதை நினைச்சுப் பாருங்க.

ஆனா இணையம் பழைய வியாதியைக் குணப்படுத்தல, ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்துச்சு. அந்தக் காலத் தமிழ்ப் பக்கம் ஒவ்வொண்ணுலயும் வாசல்ல ஒரு பலகை இருக்கும்: இதைப் படிக்க முதல்ல எங்க எழுத்துருவை இறக்கிக்கோங்க. பத்துத் தளம் பார்க்க பத்து எழுத்துரு. ஆங்கிலம் படிக்கிறவன் யாராவது இப்படி ஒரு பலகையைப் பார்த்திருப்பானா? அவனுக்கு எழுத்து பெட்டியோட வந்துடுச்சு.

இதைத் தனி ஆளா தீர்க்க முடியாதுன்னு நா.கோ.வுக்குப் புரிஞ்சது. 1997 மே 17, 18 தேதிகள்ல சிங்கப்பூர்ல தமிழ்நெட் 97 கருத்தரங்கைக் கூட்டினார். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கான்னு சிதறிக் கிடந்த எழுத்துருக்காரர்களும் மென்பொருள்காரர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தாங்க. என் கருத்துல அவர் வாழ்க்கையோட பெரிய காரியம் இதுதான், கணியன் கூட இரண்டாவது. மென்பொருள் செய்யிறவனுக்குத் தன்னோடது பிள்ளை மாதிரி. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வேணும், அது என்னோடதா இல்லாமலும் போகலாம்னு கூட்டத்தைக் கூட்டுறதுக்கு ஒரு மனசு வேணும். நாலு பேர் டீம் ப்ராஜெக்ட்ல கிட்ஹப் கணக்கு யார் பேர்ல இருக்கணும்னு நாம பண்ற அலப்பறை நமக்கே தெரியும்.

அடுத்த கூட்டம் சென்னையில, 1999 பிப்ரவரியில். தமிழக அரசே நடத்தியது. அங்கேதான் ஒரே விசைப்பலகைன்னு முடிவாச்சு. அதுக்கு அடிப்படையா இருந்தது கணியன். சில மாற்றங்களோட அது தமிழ்99 ஆச்சு. இடது கையில உயிர், வலது கையில பெரும்பாலும் மெய்.

இந்த இடத்துல கேமராவைக் கொஞ்சம் வாஷிங்டன் பக்கம் திருப்புறேன். அதே மாசம் அங்கே ஒரு பெரிய வழக்கு நடந்துக்கிட்டிருந்தது. விண்டோஸோட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைச் சேர்த்துக் கொடுத்து மத்த பிரவுசர்களை ஒழிக்கிறாங்கன்னு 1998 மே மாசம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மேல போட்ட வழக்கு. பிறகு 2004-ல் மீடியா பிளேயரைச் சேர்த்ததுக்கு ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. பெட்டிக்குள்ள அளவுக்கு மேல திணிக்கிறாங்கன்னு அங்கே சண்டை. நம்ம ஆளுங்க சென்னையில கூடினது, பெட்டிக்குள்ள எங்க எழுத்தே இல்லையேன்னு. விண்டோஸ் 3.0-வோட சீட்டுக்கட்டு விளையாட்டு வந்தது 1990-ல். தமிழ் எழுத்து வந்தது விண்டோஸ் 2000-ல். பத்து வருஷ இடைவெளி. பிரவுசர் இல்லாட்டி இன்னொண்ணு போட்டுக்கலாம். எழுத்தே இல்லாதவன் எதுல எழுதித் தேடுவான்?

1999 மே 26-ல் நா.கோ. காலமானார். வயசு 53. தமிழ்99-ஐத் தரமாக்கித் தமிழக அரசு அறிவிச்சது அடுத்த மாசம், ஜூன்ல. விண்டோஸ் 2000 வெளிவந்தது அடுத்த பிப்ரவரியில். ரெண்டையும் அவர் பார்க்கல.

பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரா? பாதிதான்னு நினைக்கிறேன். ஏன்னா விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவும் யூனிகோட் தமிழும் வந்தது. ஆனா கூட வந்த விசைப்பலகை தமிழ்99 இல்ல, இன்ஸ்கிரிப்ட். இது இந்திய அரசு 1980-களில் எல்லா இந்திய மொழிக்கும் பொதுவா உருவாக்கினது. இந்தியில க எங்கேயோ, தமிழ்லயும் க அங்கேதான். ஒரு மொழியில பழகினவன் இன்னொண்ணுல சுலபமா அடிக்கலாம். அந்த யோசனை மோசம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நாகரியில உள்ள க வரிசையில நாலு எழுத்து, நமக்கு ஒண்ணு. மீதி இடமெல்லாம் தமிழ்ல காலியாக் கிடக்க, நமக்கு அடிக்கடி வேண்டிய ள, ற, ன எல்லாம் ஷிஃப்ட்டுக்கு மேல போய் உட்கார்ந்துடுச்சு.

நம்ம ஊர்ப் பேரையே அடிச்சுப் பாருங்க. கள்ளக்குறிச்சி. இன்ஸ்கிரிப்ட்ல க, ள, புள்ளி, ள, க, புள்ளி, க, உகரக் குறி, ற, இகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி. 14 தட்டு, அதுல மூணு தடவை ஷிஃப்ட். தமிழ்99-ல் ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். க, ள, ள, க, க, உ, ற, இ, ச, ச, இ. 11 தட்டு, ஷிஃப்ட்டே இல்ல. ங-வுக்குப் பின்னாடி க, ந-வுக்குப் பின்னாடி த வந்தாலும் புள்ளி தானா வரும். நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும்: கல்வராயன்னு அடிச்சா ரெண்டுலயும் 9 தட்டுதான், இன்ஸ்கிரிப்ட்ல கடைசி ன-வுக்கு மட்டும் ஷிஃப்ட். எல்லாச் சொல்லுக்கும் வித்தியாசம் வராது. ஆனா தமிழ்ல இரட்டிக்காத வரி ஒண்ணு எழுதிக் காட்டுங்க பார்ப்போம்.

நம்ம தம்பி 'ள' தேடித் தோத்தது இப்போ புரியுதா? அது ஷிஃப்ட்டுக்கு அடியில ஒளிஞ்சிருந்தது.

பெட்டிக்குள்ள இருந்தாலும் பூட்டி வெச்சிருந்தா இல்லாத மாதிரிதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அண்ணன்களைக் கேளுங்க. தமிழ் உள்ளேயே இருந்தது. ஆனா ரீஜனல் செட்டிங்ஸுக்குள்ள போய் ஒரு டிக் அடிச்சு, விண்டோஸ் சிடியைப் போட்டாதான் வரும். பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்திருக்கிறவன் சிடிக்கு எங்கே போவான்? அதனால தமிழ்99-ல் எழுதினவங்க எல்லாம் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர்னு தன்னார்வலர்களும் தமிழ் நிறுவனங்களும் இலவசமா கொடுத்ததை நிறுவித்தான் எழுதினாங்க. லினக்ஸ்ல தமிழ்99 முன்னாடியே வந்துடுச்சு. மாத்தி எழுத யாருக்கும் மனு போட வேண்டியதில்லையே, தெரிஞ்சவன் எழுதிச் சேர்த்துட்டான். ஐபோன்ல 2013-ல் ஐஓஎஸ் 7-வோட வந்தது. 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள்ல விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் இருந்தது ஞாபகம் இருக்கா? நம்ம வீடுகள்ல எத்தனை பேர் அந்த ரெண்டாவதைத் திறந்து பார்த்தோம்? பூட் ஆகும்போது மேல இருக்கிற வரியில எண்டர் தட்டிட்டுப் போயிட்டோம். நானும்தான்.

விண்டோஸுக்குள்ள தமிழ்99 வந்தது 2019-ல், விண்டோஸ் 10-ன் மே மாத அப்டேட்டோட. தமிழக அரசு தரமாக்கி இருபது வருஷம். அதே 2019 நவம்பர்லதான் விழுப்புரத்திலிருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு.

இருபது வருஷத்துல என்ன குடி முழுகிப் போச்சு, வேணும்ங்கிறவன் இறக்கிக்க வேண்டியதுதானேன்னு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஹாஸ்டல் வைஃபையில உட்கார்ந்து கேட்டா நியாயம். ஆனா விசைப்பலகைன்னு ஒண்ணைத் தனியா இறக்கலாம்னே தெரியாதவன் இறக்க மாட்டான். நிறுவ அனுமதி இல்லாத லேப் மெஷினில் நிறுவ முடியாது. அந்த இருபது வருஷத்துல பள்ளி முடிச்சவங்க தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கப் பழகிட்டாங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க, தெரியும். மோகத்தால இல்ல, கைக்கு எட்டினது அதுதான். எந்தெந்தச் செயலி பெட்டியோட வரணும்னு என்கிட்ட கேட்டா, பிரவுசர் வேண்டாம், ஆபீஸ் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், அதெல்லாம் இறக்கிக்கிறேன். நான் பேசுற மொழியோட எழுத்துரு, நான் பழகின விசைப்பலகை, ஒரு நல்ல பிழைதிருத்தி, இந்த மூணையும் நெட் இல்லாம, சிடி இல்லாம, அட்மின் பாஸ்வேர்ட் இல்லாம கொடுங்க. மூணாவது இன்னும் உருப்படியா வரல. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புத் தேடுறவங்க குறிச்சுக்கோங்க.

நா.கோ. போன அடுத்த வருஷம், 2000-ல் அதே சிங்கப்பூர்ல கூடின மாநாட்டுல உத்தமம்ங்கிற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைஞ்சது. 1999-ல் தமிழக அரசு அறிவிச்ச டாம், டாப் எழுத்துக் குறியேற்றங்கள் வழக்கொழிஞ்சு போச்சு. 2010-ல் அரசே யூனிகோடுக்கு மாறிடுச்சு. விசைப்பலகை மட்டும் மாறல.

தம்பிக்கு நாங்க என்ன பண்ணினோம்னா, பென்டிரைவ்ல என்எச்எம் ரைட்டரைப் போட்டு, விசைப்பலகைப் படத்தை ஏ4 தாள்ல பிரின்ட் எடுத்துக் கொடுத்தோம். ரெண்டு வாரம் திட்டிக்கிட்டே பழகினான். இந்த இதழ்ல கோமுகி அணை பத்தி வந்திருக்கிற கட்டுரை அவன் அடிச்சதுதான். நாங்க எழுத்துப் பிழை நாலுதான் திருத்தினோம், அதுல ரெண்டு எங்க தப்பு.

உங்க மெஷினில் விண்டோஸ் 10-ஓ 11-ஓ இருந்தா எதையும் இறக்க வேண்டாம். செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ் போங்க, தமிழைச் சேருங்க, ஆப்ஷன்ஸ்ல கீபோர்டு சேர்க்கிற இடத்துல தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்க. முன்னாடியே இருக்கிற இன்ஸ்கிரிப்டை எடுத்துடலாம், விட்டும் வைக்கலாம். விண்டோஸ் பட்டனோட ஸ்பேஸ் தட்டினா மாறும். அடுத்த இதழுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி இந்த மாசம் 25. நோட்டுல எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கிறோம்.